இல்லமே ஆலயமாக: ஸ்பானியச் சிற்றூர்களில் மறைபணிக் குடும்பங்கள்

கி.பி. 1542இல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்ற வந்த புனித சவேரியார், இன்றைய ஸ்பெயினின் நவாராப் பகுதியில் பிறந்தவர். உலகின் பல திசைகளுக்கும் மறைபணியாளரை அனுப்பிய அந்நாடே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயல்நாட்டு மறைபணியாளர் நாடிச் செல்லும் நிலமாயிற்று. சென்றவர்கள் புராட்டஸ்டண்டுத் திருச்சபைகளைச் சார்ந்தோர். அவர்தம் வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் சிறைகளையும் பற்றியே மிகுதியும் பேசுவர். ஆயின், அப்பணியைச் சிற்றூர்களில் வேரூன்றச் செய்தது மேடைப் பேச்சன்று. அடுப்பெரியும் வீடே என்பது எண்ணத்தக்கது.

தனியராய்ச் சென்றவர்கள்

ஸ்பெயினில் முளைத்த சீர்திருத்தக் கருத்துகளை 1559இல் வல்லதோலித், செவில்யா நகரங்களில் சமய விசாரணை மன்றம் ஒடுக்கியது. செவில்யாவிலிருந்து தப்பியோடிய துறவி காசியோதோரோ தே ரேய்னா, விவிலியம் முழுவதையும் ஸ்பானிய மொழியில் பெயர்த்து 1569இல் பாசல் நகரில் அச்சிட்டார். தாய்மொழியில் அமைந்த அந்நூல் தாய்நாட்டில் நுழைய இயலாதிருந்த காலம் நெடிது.

ஆங்கிலேயராகிய ஜார்ஜ் பாரோ 1836இல் ஸ்பெயினுக்கு வந்து புதிய ஏற்பாட்டை விற்கலானார். 1838இல் மாட்ரிட் சிறையில் அடைக்கப்பட்டு விடுதலையானபின், தொலேதோவுக்கு அண்மையிலுள்ள வில்யாசேகா என்னும் சிற்றூரில் தங்கிச் சுற்றுப்புற உழவர்களிடம் நூல்களைக் கொண்டு சேர்த்தார். துணிவும் பன்மொழிப் புலமையும் மிக்கவர் அவர். எனினும் ஊர்தோறும் கடந்து சென்றவரேயன்றி, எவ்வூரிலும் குடியிருந்தவரல்லர். உழவர் கையில் நூல் தங்கிற்று. அதனை உடனிருந்து ஓதிக் காட்டுவார் தங்கவில்லை.

சட்டம் அடைத்த வாயில்

1868ஆம் ஆண்டுப் புரட்சியில் அரசி இரண்டாம் இசபெல் நாட்டைவிட்டு நீங்கினார். 1869ஆம் ஆண்டின் அரசமைப்பு பிற சமய வழிபாட்டுக்கு இடம் தந்தது. ஆனால் முடியாட்சி மீண்டபின் வந்த 1876ஆம் ஆண்டின் அரசமைப்பு, தன் பதினோராம் பிரிவில் அவ்வுரிமையைச் சுருக்கியது. நம்பிக்கைக்காக எவரும் துன்புறுத்தப்படார். எனினும் கத்தோலிக்கமல்லாத சமயத்தின் பொதுச் சடங்கும் வெளிக்காட்டும் கூடா என்பது அதன் சாரம். இதனால் வழிபாட்டு மனைகளின் முகப்பில் பெயர்ப்பலகையும் வைக்க இயலாதிருந்தது. 1910இல் கனாலெஹாஸ் அரசு ஆணை பிறப்பித்த பிறகே இத்தடை தளர்ந்தது.

தெருவில் பேச இயலாதவர் வீட்டுக்குள் பேசினர். வீட்டுக்கூடம் வழிபாட்டிடமாயிற்று, காலையில் அதுவே பள்ளியாயிற்று. 1900ஆம் ஆண்டிலும் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் எழுத்தறியாதிருந்த நாட்டில், விவிலியம் படிக்கச் செய்ய வேண்டுமாயின் முதற்கண் எழுத்துக் கற்பிக்க வேண்டும். இங்கேதான் மறைபணியாளரின் மனைவி வரலாற்றுக்குள் வருகிறாள். சிறுமியர்க்குப் பாடமும் தையலும் கற்பித்தவளும், நோயுற்றாரைக் காணச் சென்றவளும் அவளே. திருச்சபை அறிக்கைகளிலோ கணவன் பெயரே முன்னின்றது.

இரு குடும்பங்கள்

அமெரிக்காவின் மவுண்ட் ஹோலியோக்கில் கற்ற ஆலிஸ் கோர்டன், 1871இல் வில்லியம் கியூலிக்கை மணந்து அடுத்த ஆண்டே சாந்தாந்தேர் துறைமுக நகரில் குடியேறினார். 1877இல் அங்கே பெண்களுக்கெனப் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1881இல் அது சான் செபஸ்தியானுக்கு மாறியது. சிற்றூர்களின் புராட்டஸ்டண்டுக் குடும்பங்களுக்கு, மகளை உயர்கல்விக்கு அனுப்பும் வழி ஒன்று திறந்தது. பிள்ளைகளைப் பெற்று வளர்த்தபடியும், அவர்களுள் சிலரைப் பறிகொடுத்தபடியும் ஆலிஸ் இப்பணியை நடத்தினார். 1898இல் அமெரிக்காவும் ஸ்பெயினும் போரில் இறங்கியபோது, பள்ளி எல்லை கடந்து பிரான்சின் பியாரிட்ஸ் நகருக்குப் பெயர்ந்தது. 1903இல் அவர் மறைந்தார். அவர் நிறுவிய கல்விக்கூடம் மாட்ரிட்டில் நிலைகொண்டது. 1915இல் மரியா தே மாயெஸ்து தலைமையில் தோன்றிய மகளிர் மாணவியர் இல்லம், பின்னாளில் அக்கல்விக்கூடத்தின் கட்டடத்தைப் பயன்படுத்திக்கொண்டது.

செருமானியராகிய ஃபிரிட்ஸ் ஃபிளிட்னர் 1870இல் மாட்ரிட் வந்தார். அஸ்தூரியாஸ் மலையூரான பெசுல்லோ, லா மான்சா சமவெளியின் காமுஞாஸ் ஆகிய சிற்றூர்களுக்கும் அவர்தம் பணி எட்டியது. இரண்டாம் பிலிப்பு மன்னன் எழுப்பிய பெருமடத்தின் அருகே, எஸ்கோரியாலில், ஆதரவற்ற சிறுவர்க்கு இல்லம் ஒன்றும் அமைத்தார். சீர்திருத்தத்தை வேரறுத்த மன்னனின் மாளிகை நிழலில் இங்ஙனம் ஓர் இல்லம் எழுந்தது வரலாற்றின் விந்தை. அவர் நடத்திய சிறுவர் இதழ், மறைபணி மனைகளின் எல்லையைத் தாண்டியும் எழுத்தின் சுவையைக் கொண்டு சென்றது. 1901இல் அவர் மறைந்தபின் மைந்தர் பணியைத் தொடர்ந்தனர்.

விலை கொடுத்தோர்

மறைபணியாளர் குடும்பத்தின் இன்னலை மட்டும் போற்றுதல் நடுவுநிலையாகாது. அயலவர்க்குத் தூதரகமும் தாயகமும் உண்டு. அவரை நம்பிச் சமயம் மாறிய உழவனுக்கோ அதே நிலக்கிழார், அதே அயல்வீட்டார், அதே பாதிரியார். அவன் இறந்தால் மந்திரித்த மண்ணில் இடமில்லை; கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கு அப்பால், ஊரார் விலக்கி வைத்த மூலையே கிட்டியது. திருமணம் செய்யவும் அலுவலகப் படிகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்த 1939க்குப் பின் பள்ளிகளும் வழிபாட்டு மனைகளும் பல மூடப்பட்டன. அப்போதும் வழிபாடு வீட்டுக்கூடத்திற்கே திரும்பியது. 1967ஆம் ஆண்டின் சட்டம் ஓரளவு தளர்வு தந்தது. 1978ஆம் ஆண்டின் அரசமைப்பு முழு உரிமை வழங்கியது. 1992இல் புராட்டஸ்டண்டுத் திருச்சபைகளோடு அரசு உடன்பாடு கண்டது.

சமயம் மாறியோர் தொகை என்றும் சிறிதே. ஆதலின் இப்பணியைத் தலையெண்ணி அளத்தல் பொருந்தாது. அடைத்த கதவுக்குப் பின்னே ஒரு சிறுமி எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவளுக்குக் கற்பித்தவளின் பெயர் பல ஊர்களில் எழுதப்படாமலே போயிற்று. மதிலுக்கு அப்பால் புதைக்கப்பட்ட உழவனையும் அப்பெண்ணையும் சேர்த்தே இவ்வரலாறு எழுதப்படல் வேண்டும்.