நடுவரிசை வார்த்தைகள்

சென்ற வாரம் பேத்தி கைபேசியில் ஒரு விளையாட்டைக் காட்டினாள். ஏழு ஆங்கில எழுத்துகள் கொடுப்பார்கள். அவற்றை மட்டும் வைத்து எத்தனை வார்த்தை அமைக்கலாம் என்று பார்க்க வேண்டும். "இதெல்லாம் பதினேழு வயசிலேயே விளையாடினவன் நான்" என்றேன். "சும்மா இரு தாத்தா" என்று சிரித்தாள்.

பொய் சொல்லவில்லை. வேளாங்கண்ணியிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, காலை ஆறு மணி பேட்சில் டைப்ரைட்டிங் கற்றவர்கள் நாங்கள். மாதா கோயில் திருவிழா சமயமென்றால் எதிரே காவி உடுத்திக் கூட்டங்கூட்டமாக நடந்து வருவார்கள். மணியடித்தபடியே ஒதுங்கிப் போக வேண்டும்.

முதல் பாடம் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. அதைப் பக்கம் பக்கமாக அடித்து முடித்தால்தான் வார்த்தைக்குப் போகலாம். அதுவும் நடுவரிசை எழுத்துகளில் அடங்கும் வார்த்தைகள் மட்டும். அப்பா என்ற பொருளில் டாட், பையன் என்ற பொருளில் லாட், சோகத்துக்கு சாட், பிறகு ஆஸ்க், ஃபால், ஹால், கிளாஸ், ஃபிளாஸ்க், சாலட். தேடித் தேடிப் பார்த்தாலும் இந்த வரிசையில் நீளமான வார்த்தை அதிகம் அகப்படாது. அங்கே இருக்கும் உயிரெழுத்து ஏ ஒன்றுதான்.

ஏன் இப்படி என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துப் பத்திரிகைக்காரர் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் 1868இல் இந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1873இல் துப்பாக்கி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி தயாரிக்க ஏற்று, மறு வருடம் கடைக்கு வந்தது. ஆரம்பத்தில் எழுத்துகள் அகரவரிசையில் இருந்தன. மாற்றி மாற்றி அடுக்கியும் அதன் தடம் முழுதாக அழியவில்லை. நடுவரிசையைப் பாருங்கள்: டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எல். வரிசை பிசகாமல் நிற்கின்றன. இடையில் இருக்க வேண்டிய ஈ-யும் ஐ-யும் மட்டும் மேல்வரிசைக்குக் குடிபோய்விட்டன. அவற்றோடு வார்த்தைகளும் போய்விட்டன.

ஆகவே மேல்வரிசை பணக்கார வரிசை. ஈ, யு, ஐ, ஓ நான்கும் அங்கே. டைப்ரைட்டர் என்ற வார்த்தையே அந்த ஒரு வரிசையில் முடிந்துவிடும். விற்பனைக்காரர்கள் அடித்துக் காட்டி அசத்துவதற்காகவே அப்படி வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு, எனக்கு நம்பிக்கையில்லை. பவர், பிராப்பர்ட்டி, டெரிட்டரி, ஒர்ரி, புவர் எல்லாம் அதே வரிசைதான். அதிகாரமும் சொத்தும் கவலையும் ஏழ்மையும் ஒரே தெருவில். கீழ்வரிசையில் உயிரெழுத்தே இல்லை, வார்த்தையும் இல்லை.

வார்த்தை குறைந்த நடுவரிசைக்கு ஏன் அத்தனை மரியாதை? விரல்களுக்கு அதுதான் வீடு. 1888 ஜூலையில் சின்சினாட்டி நகரில் நடந்த போட்டியில் ஃபிராங்க் மெக்கரின் என்பவர் பொத்தானைப் பாராமலே பத்து விரலாலும் அடித்து, பார்த்துப் பார்த்து அடித்தவரைத் தோற்கடித்தார். அதன் பிறகுதான் இந்த முறை ஊர் ஊராகப் பரவியது. நாகப்பட்டினத்தில் எங்கள் மாஸ்டர் பிரம்பு வைத்துக்கொண்டு, "கண்ணு பேப்பர்ல" என்று கத்தியதற்கு மூலகாரணம் அவர்தான்.

பேத்தியோடு உட்கார்ந்து நம் நாட்டு வார்த்தைகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தேன். ரூபாய்க்கு ஆங்கிலத்தில் எழுதும் ரூபீ மேல்வரிசையில் அப்படியே கிடைக்கிறது. லட்சத்துக்கு எழுதும் லாக், பருப்பைச் சொல்லும் தால், இரண்டும் நடுவரிசை. நெல்லைக் குறிக்கும் பேடி மட்டும் ஒரு வரிசையில் நிற்காமல் மேலும் நடுவுமாக ஏறி இறங்குகிறது.

இன்ஸ்டிட்யூட்டில் மூலையில் ஒரு தமிழ் மெஷினும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா போன ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சின் தந்தை என்பார்கள். அதன் நடுவரிசை ய, ள, ன, க என்று தொடங்கும். அங்கே தாய், மகன், பட்டம், கடன் எல்லாம் அகப்படும். ஆங்கில நடுவரிசையை விட எங்கள் வீட்டுக்கு நெருக்கமான வரிசை!

என்னோடு சைக்கிளில் வந்த நண்பனின் அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். கையெழுத்துப் போடத் தெரியாது. மகன் ஃபீஸ் கட்ட அறுவடைக் கூலி நெல்லை விற்றுக் காசு கொடுப்பார். லோயர் தேர்வில் பத்து நிமிடத்தில் 1500 தட்டு, நிமிடத்துக்கு முப்பது வார்த்தைக் கணக்கு. அவன் லோயர், ஹையர் இரண்டும் முடித்து அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் ஆனான். வேலை உத்தரவு வந்த அன்று, அதை அப்பாவிடம் கொடுத்தான். அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கோத்ரெஜ் கம்பெனி 1955இல் நம் நாட்டில் டைப்ரைட்டர் செய்யத் தொடங்கி, 2009இல் நிறுத்திவிட்டது. பேத்தியின் கைபேசியில் ஷோல்ஸ் போட்ட அதே வரிசைதான் இன்னும் இருக்கிறது.

நண்பன் சென்னைக்கு மாற்றலாகிப் போன புதிதில், அலுவலகத்தில் யாருடைய கல்யாண விருந்துக்கோ போயிருக்கிறான். ஊருக்கு வந்தபோது முதல் வேலையாக என்னிடம்தான் சொன்னான்: "ஆயிரம் தடவ அடிச்சமே சாலட்டு, சாலட்டுன்னு. பாத்துட்டேன்டா. நம்ம வெள்ளரிக்காயும் வெங்காயமும்தான்டா அது!"