பிள்ளை மனமும் தாய்வழி வளவும்

ஒரு பிள்ளையின் மனம் எங்கே வேரூன்றுகிறது? தாயின் மடியில் என்போம். கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் வரலாறு அவ்விடையைச் சற்று விரித்துக் காட்டுகிறது.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களில் மணமகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதும், மணமகன் அங்கு வந்து குடியேறுவதும் நெடுநாள் வழமை. ஆதலின் உம்மம்மாவும் அவருடைய புதல்வியரும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ வாழ்வர். உம்மா அடுப்படியில் இருந்தால் பிள்ளை சாச்சியின் இடுப்பில் இருக்கும்; வாப்பா சினந்தால் உம்மம்மாவின் முந்தானை அதற்குப் புகலிடமாகும்.

இவ்வமைப்பின் மதிப்பை மேனாட்டார் போர்க்காலத்திலே உணர்ந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் சிறுவர் காப்பகங்களை நடத்திய அன்னா பிராய்ட், டொரதி பேர்லிங்கம் ஆகிய இருவரும், குண்டுவீச்சைக் காட்டிலும் தாயைப் பிரிவதே பல குழந்தைகளைப் பெரிதும் வருத்தியதெனக் கண்டனர். அன்பும் தொடர்ச்சியும் உள்ள பராமரிப்பு மனநலத்துக்கு இன்றியமையாதது என்று ஜோன் பௌல்பி 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினார்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். சில வாரங்களுள் இலங்கைக் கரையோரத்தின் மூன்று இடங்களில் 264 சிறுவரிடம் நடத்திய ஆய்வில், இடத்துக்கிடம் நூற்றுக்கு 14 முதல் 39 பேர்வரை பேரதிர்ச்சியின் மனநோய்க் குறிகளோடு இருந்தனர். குடும்பத்தினரை இழந்தமையும், முன்னர் பட்ட துயரங்களும் அத்துன்பத்தை மிகுவித்தன. போரிடையே வளர்ந்த கிழக்கின் பிள்ளைகளுக்கு இது எத்துணைப் பொருந்தும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

அலை வீட்டை அழித்தது. அதன்பின் வந்த ஏற்பாடுகளோ வளவையும் கலைத்தன. 2005இல் வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென விதிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டதாயினும், குடும்பங்கள் பல திசைகளிற் சிதறின. தாய்வழி வந்த வளவு அழிந்தபின், பல இடங்களில் புதிய உரித்து குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆணுக்கே எழுதப்பட்டது. சாச்சி ஓர் ஊரில், உம்மம்மா வேறோர் ஊரில் என்றானபோது, அழும் பிள்ளை ஓடிச் செல்லும் அடுத்த வாசல் மறைந்தது.

மருந்தும் மருத்துவரும் வேண்டும்; ஐயமில்லை. ஆயினும் மட்டக்களப்பில் 1996இல் தோன்றிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வேறொரு வழியையும் காட்டிற்று. போரிற் புண்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர் அங்கே ஒன்றுகூடி மண் பிசைந்தனர், படம் வரைந்தனர், கதை சொல்லி நடித்தனர். பயந்த மனம் பேச்சுக்கு முன்னர் விளையாட்டிலேயே திறக்கிறது.

வீடு கட்டுவோர் சுவரையும் கூரையையும் அளக்கின்றனர். அடுத்த வாசலில் யார் இருப்பார் என்பதையும் அளத்தல் வேண்டும். பிள்ளையின் மனத்துக்கு அதுவே அத்திவாரம்.