பிடாடரி: வீவக வீடுகள் வருவதற்கு முன் அங்கே இருந்தது யார்?

லிட்டில் இந்தியாவில் வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால் நான்காவது நிறுத்தம் உட்லே. இறங்கி வெளியே வந்தால் புது வீவக புளோக்குகள், கடைத்தொகுதி, கொஞ்சம் தள்ளி ஒரு ஏரி, பூங்கா. பிடிஓ கிடைத்து அங்கே குடிபோன நண்பர்கள் உங்களுக்கும் இருக்கலாம். "அது பழைய சுடுகாடாமே?" என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்ததும் நினைவிருக்கும்.

சுடுகாடு இல்லை, இடுகாடு. அதுவும் சாதாரண இடுகாடு இல்லை. சுமார் 58,000 கிறிஸ்துவக் கல்லறைகளும் 68,000 முஸ்லிம் கல்லறைகளும் இருந்த இடம் அது. இந்துக்களுக்கும் சிங்களவர்களுக்கும்கூட அங்கே தனிப் பகுதிகள் இருந்தன.

ரயில் பாதை 2003இல் திறந்தபோதே உட்லே நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். ஆனா இறங்க ஆள் இல்லையே! 2011 ஜூன் வரை அது மூடியே கிடந்தது.

பெயருக்கு என்ன அர்த்தம்?

'பிடாடரி' என்றால் மலாய் மொழியில் தேவதை. 'வித்யாதரி' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வானத்தில் பறந்து வரும் 'விஞ்சையர்' இருக்கிறார்களே, அவர்களேதான் இந்த வித்யாதரர்கள். ஜொகூர் சுல்தான் அபு பக்கரின் மனைவி ஸுபைதாவின் மாளிகை இங்கே இருந்தது. அதன் பெயர் இஸ்தானா பிடாடரி. கல்லறை வருவதற்கு முன்பே இடத்துக்குப் பெயர் வந்துவிட்டது.

நகராட்சி எதற்காகக் கல்லறை கட்டியது?

இதற்கு லண்டன் வரை போய்வர வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே தேவாலய வளாகங்கள் சடலங்களால் நிரம்பி வழிந்தன. காலரா வேறு. 1852இல் சட்டம் போட்டு, நகருக்குள் புதைப்பதைக் கட்டுப்படுத்தினார்கள். ஊருக்கு வெளியே, மரங்களும் வளைந்த பாதைகளும் வைத்து, பூங்கா மாதிரி கல்லறைகள் அமைக்கும் பழக்கம் பரவியது. ஜான் கிளாடியஸ் லௌடன் என்பவர் கல்லறையை எப்படித் திட்டமிட வேண்டும் என்று 1843இல் ஒரு புத்தகமே எழுதினார்.

அந்த எண்ணம் கப்பலேறி இங்கேயும் வந்தது. சிங்கப்பூரின் ஆரம்பகாலக் கிறிஸ்துவக் கல்லறை ஃபோர்ட் கேனிங் குன்றில் இருந்தது. அது 1865இல் மூடப்பட்டதும், புக்கிட் தீமா சாலையில் இன்னொன்று தொடங்கியது. எங்கே தெரியுமா? இன்றைய கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குப் பக்கத்தில். இதைப் படிக்கிறவர்களில் பலர் பிறந்ததே அந்த மருத்துவமனையில்தான்! விக்டோரியா காலத்துக் கல்லறை என்று சரியாகச் சொல்லக்கூடியது அதுதான். தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். 1907இல் அதுவும் மூடப்பட்டது. பின்னாளில் அந்த இடம் கம்போங் ஜாவா பூங்கா ஆனது.

அடுத்தது பிடாடரி. கிறிஸ்துவப் பகுதி 1908இலும் முஸ்லிம் பகுதி 1910இலும் திறந்தன. விக்டோரியா மகாராணி 1901லேயே காலமாகிவிட்டார். ஆனாலும் குன்றுச் சரிவு, நிழல் மரங்கள், வளைந்து போகும் பாதைகள் என்று பார்த்தால் பிடாடரி அவர் காலத்துப் பாணிதான்.

அதுவரை இங்கே பெரும்பாலும் அந்தந்தச் சமூகமே தன் இறந்தவர்களுக்கு இடம் தேடிக்கொண்டது. சீனர்களுக்குக் குலச் சங்கக் கல்லறைகள், முஸ்லிம்களுக்கு வக்ஃப் நிலங்கள். பல சமயத்தவருக்கும் நகராட்சியே ஒரே ஊர்ப்புறத்தில் இடம் ஒதுக்கியது பெரிய மாற்றம். ஆனால் உள்ளே எல்லாம் தனித்தனிதான். ஒரே கல்லறை, தனித்தனிக் கதவு என்று சொல்லலாம்.

இந்துக்கள் எரிக்கத்தானே செய்வார்கள்?

இளையர்கள் பலர் கேட்கும் கேள்வி. உண்மையில் தமிழ் இந்துக்களில் புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் ஏராளம். எரிக்கும் குடும்பங்களில்கூட சின்னக் குழந்தைகளைப் புதைப்பது வழக்கம். அரசாங்கம் நடத்திய முதல் தகனச்சாலை, பிடாடரிக்குப் பக்கத்திலேயே உள்ள மவுண்ட் வெர்னனில், 1962இல்தான் வந்தது. ஆகவே பிடாடரியில் தமிழர்கள் ஒரு மூலையில் மட்டும் இல்லை. இந்துப் பகுதியில் சிலர், முஸ்லிம் பகுதியில் சிலர், கிறிஸ்துவப் பகுதியில் சிலர்.

யாருடைய கற்கள் மிஞ்சின?

1972இல் பிடாடரியில் புதைப்பது நின்றது. பிறகு ஏறத்தாழ 30 வருடம் மரங்கள் வளர்ந்தன, பறவைகள் குடியேறின. பறவை ஆர்வலர்கள் 140க்கும் மேற்பட்ட இனங்களை அங்கே பதிவுசெய்திருக்கிறார்கள்.

2001 முதல் 2006 வரை கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன. முஸ்லிம்களின் உடல் எச்சங்கள் சுவா சூ காங்கில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. மற்றவர்கள் விஷயத்தில் இங்குள்ள பொதுவான நடைமுறை இது: அறிவிப்பு வரும், குடும்பத்தினர் பதிவுசெய்யலாம், எச்சங்கள் தகனம் செய்யப்பட்டுச் சாம்பல் ஒப்படைக்கப்படும். யாரும் வராவிட்டால் சாம்பல் கடலில் கரைக்கப்படும்.

2004இல் மவுண்ட் வெர்னன் பக்கம் ஒரு சின்ன நினைவுத் தோட்டம் அமைத்து, முக்கியமானவர்களின் கற்களை மட்டும் அங்கே வைத்தார்கள். பிடாடரியில் புதைக்கப்பட்ட பிரபலங்கள் நிறைய: ராஃபிள்ஸ் ஹோட்டலை வடிவமைத்த ஆர்.ஏ.ஜே. பிட்வெல், டாக்டர் லிம் பூன் கெங், வழக்கறிஞர் சோங் ஓங் சியாங், 1962இல் பதவியில் இருக்கும்போதே காலமான அமைச்சர் அகமது இப்ராஹிம். ஜோசஃப் கான்ராட் எழுதிய 'லார்ட் ஜிம்' நாவலின் நாயகனுக்கு முன்மாதிரி என்று சொல்லப்படும் கப்பல்காரர் ஏ.பி. வில்லியம்ஸும் அங்கேதான் இருந்தார்.

ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் இப்படிச் சிலர். நிலம் குறைவு, வீடு தேவை, அதில் நியாயம் இருக்கிறது. 1998க்குப் பிறகு சுவா சூ காங்கில் புதைப்பதற்கும் 15 வருடக் கெடுதான். ஆனால் எந்தக் கல் 'முக்கியம்' என்று தேர்ந்தெடுக்கும்போது, துறைமுகக் கூலிக்கும் சாலை போட்டவருக்கும் இடம் கிடைப்பது கஷ்டம். அவர்கள் பெயரைக் கேட்க இப்போது நம் வீட்டுப் பெரியவர்கள்தான் இருக்கிறார்கள். "நம்ம ஆளுங்க யாராவது பிடாடரியில இருந்தாங்களா?" என்று அடுத்த முறை தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

சுமார் 10,000 வீடுகளுக்குத் திட்டமிடப்பட்ட பேட்டை, 2024இல் திறந்த பிடாடரி பூங்கா, மழைநீரைத் தேக்கிவைக்க உதவும் அல்காஃப் ஏரி. கல்லறைக் காலத்தை ஓரளவு உணர வேண்டுமானால் பழைய அப்பர் அல்ஜுனிட் சாலைக்குப் போங்கள். முன்பு கிறிஸ்துவப் பகுதிக்கும் முஸ்லிம் பகுதிக்கும் நடுவே போன சாலை அது. இப்போது அதில் ஒரு பகுதி கார் வராத மரபுடைமை நடைபாதை. இருபுறமும் நிற்கும் பெரிய மரங்களில் பல, வீடுகளைவிட மூத்தவை.