பட்டணம் தொல்பொருட் பதிவேடு

கொச்சிக்கு வடக்கே, வடக்கன் பறவூருக்கு அருகிலுள்ள பட்டணத்தில் கிடைத்த தொல்பொருள்களை வகைப்படுத்திப் பதியும் பணி இது. உரோமானியருடன் வணிகம் நடந்த சேரர் துறைமுகமான முசிறி பட்டணமே என்பர் பலர், மறுப்போரும் உண்டு. 1945இல் கொடுங்கல்லூரில் தொல்லியலாளர் அனுஜன் அச்சன் முசிறியைத் தேடித் தோண்டியபோது உரோமானியத் தடயம் அகப்படவில்லை. பட்டணத்தில் 2004இல் முதல் சோதனைக் குழி தோண்டியது திருப்பூணித்துறை ஹில் பேலஸில் இயங்கும் பாரம்பரிய ஆய்வு மையம். 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் பெரிய அளவில் அகழ்ந்தது.

மணி, காசு போன்றவை குழி, மண்ணடுக்கு, ஆழம் குறித்துத் தனித்தனியே பதிவாகும். பானையோடுகளோ மலைபோல் குவியும். கழுவி, உலர்த்தி, களிமண்ணும் வாய்விளிம்பும் பார்த்துப் பிரிக்க வேண்டும். உண்மையான உழைப்பு இங்கேதான். ஆம்போரா எனும் உரோமானியச் சாடியின் ஓட்டில், உடைந்த விளிம்பில் கரிய எரிமலை மணல் மின்னினால், அந்தச் சாடி இத்தாலியின் கம்பானியாவிலிருந்து வந்தது எனலாம். இத்தகைய ஓடுகளை இனங்காண உரோமானிய மட்பாண்ட வல்லுநர் ரொபெர்ட்டா டோம்பர் உதவினார். ஈரமண்ணில் கிடைத்த ஆஞ்சிலி மரத் தோணிக்கும் மிளகுக்கும் இடத்தைக் குறித்தால் மட்டும் போதாது. காய்ந்து சிதையாமல் உடனே பாதுகாக்கவும் வேண்டும்.