ஊரடங்கும் உலர் உணவுப் பொதியும்: கொரோனாவின் முதல் மாதங்களில் வடக்கும் கிழக்கும்

2020 மார்ச் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. நாட்டின் முதலாவது நோயாளி ஜனவரி 27ஆம் திகதி அடையாளம் காணப்பட்ட சீனச் சுற்றுலாப் பயணி. உள்ளூரில் தொற்றுக்குள்ளான முதலாவது நபர் மார்ச் இரண்டாம் வாரத்தில் கண்டறியப்பட்டார். பாடசாலைகள் மூடப்பட்டன, விமான நிலையம் மூடப்பட்டது, அதன் பிறகே ஊரடங்கு வந்தது. தெற்கின் இளைய தலைமுறைக்கு இது பெரும்பாலும் புதிய அனுபவம். வடக்கு, கிழக்கில் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் இது பழகிய விடயம். செய்தி வந்த அன்று மாலையே சனம் கடைக்குப் போய் வாங்கிய பொருட்களைப் பார்த்தால் அது புரியும்: அரிசி, மா, சீனி, பருப்பு, மண்ணெண்ணெய், நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி. மின்சாரம் தடைப்படும் என்று எவரும் அறிவிக்கவில்லை. ஆனாலும் மெழுகுதிரி வாங்கினார்கள்.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு பற்றரி, சவர்க்காரம், எரிபொருள் எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருட்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும், ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்துப் படித்தவர்களும், பனம்பழச் சாற்றில் உடுப்புத் தோய்த்தவர்களும் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். வன்னியில் 2009 வரை நடந்ததைச் சொல்லவே தேவையில்லை. இந்த அனுபவம் கொரோனா நாட்களில் பலருக்கு ஒரு வகைத் துணிச்சலைத் தந்தது என்பது உண்மை. “ஷெல் அடியில்லை, பங்கருக்குள்ள ஓடத் தேவையில்லை, வீட்டில இருந்தாச் சரி” என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. அதே அனுபவம் பழைய பயத்தையும் கிளறியது. சந்தியில் மீண்டும் சோதனைச்சாவடி, வீதியில் ஆயுதம் தரித்த படையினர், வெளியே போக அனுமதிப்பத்திரம் என்பவற்றை வெறும் சுகாதார ஏற்பாடாக மட்டும் பார்க்க எமது மக்களால் முடியவில்லை.

அப்படிப் பார்க்க முடியாததற்குக் காரணங்களும் இருந்தன. கொரோனா ஒழிப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்தின் தலைமைப் பொறுப்பு இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இறுதிப் போரில் நடந்த மனித உரிமை மீறல்கள் தொடர்பில் அவர் தனது நாட்டுக்குள் நுழைய அமெரிக்கா தடை விதித்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மார்ச் 26ஆம் திகதி, நாடு வீட்டுக்குள் முடங்கியிருந்த வேளையில், மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் எட்டுத் தமிழர்களைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த இராணுவச் சிப்பாய் சுனில் ரத்நாயக்க ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் விடுதலையானார். எதிர்ப்புத் தெரிவிக்க வீதிக்கு இறங்க முடியாத நாட்கள் அவை. பாராளுமன்றம் மார்ச் 2ஆம் திகதியே கலைக்கப்பட்டிருந்தது. ஏப்ரலில் நடக்கவிருந்த தேர்தல் ஆகஸ்ட் 5 வரை தள்ளிப்போனது. ஊரடங்கின் சட்ட அடிப்படை குறித்தே சட்டத்தரணிகள் கேள்வி எழுப்பினார்கள். ஆனாலும் அதை மீறியதாகச் சொல்லி மே மாத இறுதிக்குள் நாடெங்கும் 60,000 இற்கும் மேற்பட்டவர்கள் கைது செய்யப்பட்டனர்.

தனிமைப்படுத்தல் நிலையங்களும் படையினரின் பொறுப்பிலேயே இருந்தன. மார்ச் 10 அளவில் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள் முதலில் கந்தக்காட்டுக்கும் மட்டக்களப்பு புணாணையில் உள்ள தனியார் பல்கலைக்கழக வளாகத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். பின்னர் வவுனியா, முல்லைத்தீவு, பலாலி என நிலையங்கள் பெருகின. மட்டக்களப்பிலும் வடக்கிலும் இதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. தம் பகுதிக்கு நோய் வந்துவிடும் என்ற பயம் அதில் இருந்தது. ஏன் எப்போதும் எமது பகுதி என்ற கேள்வியும் இருந்தது. முட்கம்பி வேலிக்குள் வரிசையில் நின்று உணவு வாங்குவதை 2009இல் மெனிக்பாம் முகாமில் அனுபவித்தவர்களுக்கு “தனிமைப்படுத்தல்” என்ற சொல் வேறு விதமாகவே கேட்டது.

யாழ்ப்பாண மாவட்டம் கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டி மாவட்டங்களுடன் சேர்த்து அதி அபாய வலயமாக அறிவிக்கப்பட்டது. சுவிற்சர்லாந்திலிருந்து வந்த மதபோதகர் ஒருவர் மார்ச் 15ஆம் திகதி அரியாலையில் ஆராதனை நடத்திவிட்டுத் திரும்பிச் சென்றிருந்தார். அவருக்குத் தொற்று இருந்தது பின்னரே தெரியவந்தது. மார்ச் 22ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் முதல் நோயாளி அடையாளம் காணப்பட, தாவடிக் கிராமம் முடக்கப்பட்டது. ஆராதனையில் கலந்துகொண்டவர்கள் வீடுகளிலும் பின்னர் பலாலியிலும் தனிமைப்படுத்தப்பட்டனர். ஏப்ரல் தொடக்கத்தில் யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பிசிஆர் பரிசோதனை தொடங்கியது. மாதிரிகளைத் தெற்குக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நிலையை இது மாற்றியது.

தாவடி என்றாலே ஒதுங்கிப் போன சனத்தையும் அந்த நாட்களில் கண்டோம். ஆராதனைக்குப் போனவர்களை முகநூலில் திட்டித் தீர்த்தார்கள். கிறிஸ்தவ சபைகள் மீது முன்பே இருந்த வெறுப்பு இப்போது சுகாதாரக் காரணத்தைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தது. சில வாரங்களில் அதே திட்டு முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது. நோயாளி என்றால் குற்றவாளி என்ற பார்வை தொற்றை மறைக்கும் பழக்கத்தையே வளர்த்தது. கிராமங்களில் வேலை செய்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் குடும்ப நல உத்தியோகத்தர்களுக்கும் அது இன்னொரு சுமையானது.

சாப்பாட்டுப் பிரச்சினை முதலில் தட்டியது நாட்கூலிகளின் வீட்டுக் கதவை. மேசன், தச்சர், ஓட்டோ ஓட்டுநர், தையல்காரர், கடைச் சிப்பந்தி ஆகியோருக்கு ஊரடங்கின் முதல் நாளே வருமானம் இல்லாத நாள். அரசாங்கம் ஒரு கிலோ பருப்பை 65 ரூபாவுக்கும் ஒரு ரின்மீனை 100 ரூபாவுக்கும் விற்கவேண்டுமென அறிவித்தது. அந்த விலையில் கிராமத்துக் கடைகளில் அவற்றைக் கண்டவர்கள் குறைவு. ஏப்ரலிலும் மேயிலும் குடும்பத்துக்கு 5,000 ரூபா சமுர்த்தி ஊடாக வழங்கப்பட்டது. பெயர்ப்பட்டியலைக் கிராம அலுவலரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் தயாரித்தார்கள். வாடகை வீட்டில் இருப்பவர், பதிவு வேறு ஊரில் உள்ளவர், மீள்குடியேறியும் அட்டை மாற்றாதவர் எனப் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாப் பிரிவிலும் இருந்தார்கள்.

அந்த இடைவெளியை நிரப்பியது ஊர்தான். விளையாட்டுக் கழகங்கள், சனசமூக நிலையங்கள், ஆலய பரிபாலன சபைகள், பங்குகள், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் எல்லாம் ஒரே வாரத்துக்குள் உலர் உணவு விநியோக அமைப்புகளாக மாறின. பொதிக்குள் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, தேயிலை, சோயாமீற், சவர்க்காரம். பணம் பெரும்பாலும் புலம்பெயர்ந்த உறவுகளிடமிருந்து வந்தது. இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ நகரங்களில் அவர்களே வேலையிழந்து, நோயில் விழுந்து, உறவுகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. வட்ஸ்அப் குழுவில் கணக்கு எழுதி, பொருள் வாங்கிய பற்றுச்சீட்டைப் படம் பிடித்துப் போட்டு, பிரதேச செயலகத்தில் அனுமதி எடுத்து, லாண்ட்மாஸ்ரரில் ஏற்றி வீடுவீடாகக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது வாங்குபவரைப் படமெடுத்து முகநூலில் போடும் கெட்ட பழக்கமும் கூடவே வளர்ந்தது. பொதியை நீட்டும் நாலு பேருக்கு நடுவில் தலைகுனிந்து நிற்கும் தாயின் படத்தை எத்தனை தரம் பார்த்திருப்போம்! இரவில், ஆள் தெரியாமல் படலைக்குள் பொதியை வைத்துவிட்டுப் போன இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களின் படம் எங்கும் வரவில்லை.

கூட்டுறவுச் சங்கங்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். போர்க்காலத்தில் நிவாரண அட்டையுடன் வரிசையில் நின்ற சங்கக்கடை, சுப்பர்மார்க்கெற்றுகள் வந்த பிறகு மறக்கப்பட்டிருந்தது. ஊரடங்கில் அது மறுபடியும் நினைவுக்கு வந்தது. ஊருக்கு ஊர் கிளையும், களஞ்சியமும், சனத்தைத் தெரிந்த முகாமையாளரும் உள்ள வேறு வலையமைப்பு எம்மிடம் இல்லை.

விளைவித்தவர்களுக்கு வேறு துன்பம். காலபோக நெல் அறுவடை பெரும்பாலும் முடிந்திருந்தது ஒரு நல்ல காலம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் வீடுகளில் மூட்டை இருந்தது. மரக்கறிச் செய்கையாளருக்கு அந்த வசதி இல்லை. சந்தைகள் மூடப்பட்டன, தம்புள்ளைக்குப் போகும் லொறிகள் நின்றன, தக்காளியும் பூசணியும் தோட்டத்திலேயே கிடந்தன. சில இடங்களில் இளைஞர்கள் தோட்டத்தில் நேரடியாக வாங்கி உணவுப் பொதியில் சேர்த்தார்கள். தோட்டக்காரருக்கு ஒரு விலை, பசித்த வீட்டுக்கு ஒரு கறி. அந்த மாதங்களில் நடந்தவற்றில் இது மிகவும் புத்தியான ஏற்பாடு என்பது என் எண்ணம். ஏற்றுமதி நின்றதால் நண்டும் கடலட்டையும் பிடிப்பவர்கள் வாங்குவாரின்றி நின்றனர். தவறணைகள் மூடப்பட்டதால், பனைக்குப் பருவமாயிருந்தும் சீவல் தொழிலாளிக்கு வருமானமில்லை. மலையகத்தில் நிலைமை தலைகீழ்: நாடே வீட்டில் இருக்கத் தோட்டத் தொழிலாளர்கள் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறினார்கள். மார்ச் முதல் தருவதாகச் சொல்லப்பட்ட 1,000 ரூபா நாட்சம்பளம் அந்த ஆண்டு முழுவதும் கைக்கு வரவில்லை.

போரில் காயமுற்றவர்களின் பாடு அதிகம் பேசப்படவில்லை. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு படுக்கையில் இருப்பவருக்கு சிறுநீர்க் குழாய், புண்ணுக்குக் கட்டும் துணி என்பன மாதாந்தத் தேவை. செயற்கைக் கால் உடைந்தால் திருத்தும் இடத்துக்குப் பஸ் இல்லை. கிளினிக் மருந்துகளைத் தபால் திணைக்களம் மூலம் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு ஏப்ரலில் வந்தது. நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளருக்கு அது பேருதவி. மருந்தல்லாத தேவைகளுக்கு அது உதவவில்லை. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு நுண்கடன் தவணை என்ற இன்னொரு நெருக்கடி இருந்தது. கடன் சலுகைக்காலம் அறிவிக்கப்பட்டது. ஆனால், அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறும் என்பதைப் பலர் பின்னர்தான் அறிந்தார்கள்.

சாவு வீட்டுக்குப் போக முடியாதது சனத்தை மிகவும் வாட்டியது. எங்கள் ஊர்களில் செத்தவீட்டுக்குப் போகாத பகை ஒரு பரம்பரைக்கு நீளும். இப்போது சட்டமே போகாதே என்றது. எட்டும் அந்தியேட்டியும் வீட்டாருடன் முடிந்தன. வெளிநாட்டில் கொரோனாவால் இறந்த பிள்ளையின் கிரியையைக் கைபேசியில் பார்த்து அழுத தாய்மாரை அயலவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஆற்றினார்கள். முஸ்லிம்களுக்கு இதைவிடக் கொடுமை நடந்தது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம் கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2021 பெப்ரவரி இறுதி வரை அரசு இணங்கவில்லை. இணங்கியபோது முதலில் தெரிவுசெய்த இடம் இரணைதீவு. கடற்படையிடமிருந்து 2018இல்தான் அந்த மண்ணை மீட்டுக் குடியேறியிருந்த மக்கள் எதிர்த்தார்கள். இறுதியில் உடல்கள் ஓட்டமாவடியில் அடக்கம் செய்யப்பட்டன.

மே 18உம் ஊரடங்கின் நிழலில் வந்தது. முந்திய நாள் ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் ஊரடங்கு. முள்ளிவாய்க்காலுக்குச் செல்ல முயன்றவர்கள் வழிமறிக்கப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியினர் சிலரைத் தனிமைப்படுத்துமாறு பெறப்பட்ட நீதிமன்ற உத்தரவு பின்னர் மீளப்பெறப்பட்டது. சில நூறு பேர் கூடும் சந்தைக்கு இடைவெளி விட்டால் போதும் என்றவர்களுக்கு, விளக்கேற்றும் பத்துப் பேர் ஆபத்தாகத் தெரிந்தார்கள். சனம் வீட்டு முற்றத்தில் விளக்கேற்றியது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய போராட்டம் அப்போது நான்காவது ஆண்டில் இருந்தது. நோய்க்கு மிக எளிதில் இலக்காகும் வயதினர் அந்தத் தாய்மார். கூட்டமாக இருக்க முடியாத நாட்களில் கொட்டிலில் இருப்போரின் எண்ணிக்கை குறைந்தது. நாட்கணக்கு எழுதும் பலகையில் எண் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒன்றால் கூடியது.