ஒரே வேகம், வேறு மருந்து

தேக்காவில் தீபாவளி என்றால் மத்தாப்போடு சரி, வெடி கிடையாது. 1970 சீனப் புத்தாண்டின்போது வெடியால் 6 பேர் இறந்தார்கள். 1972இல் தடைச் சட்டமே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டம்: காயப்படுத்தும் நோக்கில் துப்பாக்கியால் சுட்டால், குண்டு யார் மேலும் படாவிட்டாலும் தூக்கு. வெடிமருந்தைக் கண்டு இவ்வளவு பயப்படுகிற ஊரில், என்எஸ் முடித்த நம்ம பையன்கள் எல்லாருக்கும் ரைஃபிளைக் கழற்றித் துடைத்து மாட்டத் தெரியும். துடைக்காத ரைஃபிள் என்ன செய்யும் என்பதை 1960களில் வியட்நாமில் நிறையப் பேர் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். அந்தக் கதை ஒரு மருந்து மாற்றத்தில் தொடங்குகிறது.

எம்16 ரைஃபிள் ஐஎம்ஆர் 4475 என்ற மருந்தை வைத்து உருவாக்கப்பட்டது. டூபான்ட் கம்பெனியின் சரக்கு. பொடிப்பொடிக் குச்சியாக இருக்கும். குண்டு நொடிக்கு 3,250 அடி வேகத்தில் போக வேண்டும், அறைக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 52,000 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தரைப்படை நிபந்தனை போட்டது. லட்சக்கணக்கில் தோட்டா செய்யும்போது அந்த மருந்தால் இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற முடியவில்லை. 1964இல் டபிள்யூசி 846 என்ற உருண்டை மருந்துக்கும் அனுமதி கிடைத்தது. கேட்ட வேகம், கேட்ட அழுத்தம் இரண்டும் அதில் வந்தன. காகிதத்தில் எல்லாம் சரி.

ஆனால் எம்16 தன் குழலிலிருந்தே கொஞ்சம் வாயுவைத் திருப்பி எடுத்து இயங்குகிற துப்பாக்கி. குழலின் நடுவழியில் ஒரு சின்னத் துளை. அங்கிருந்து மெல்லிய குழாய் வழியாக வரும் வாயு போல்ட்டைப் பின்னால் தள்ளி, காலித் தோட்டாவை வெளியே இழுக்கும். உருண்டை மருந்து சற்று நிதானமாக எரியும். அதனால் அறையில் அழுத்தம் அதேதான் என்றாலும், அந்தத் துளையில் அதிகம். போல்ட் அவசரமாக ஓடியது. நிமிடத்துக்கு 850 குண்டுக்குள் இருக்க வேண்டிய சுடும் வேகம் 1,000 வரை போனது. சுவரோடு ஒட்டியிருந்த காலித் தோட்டா விலகும் முன்பே இழுபட்டு, உள்ளேயே சிக்கியது. அமிலத்தை முறிக்க மருந்தில் கலந்திருந்த கால்சியம் கார்பனேட், அதாவது சாக்குக்கட்டிச் சமாச்சாரம், வாயுக்குழாயில் படிந்தது.

மருந்து மட்டும் குற்றவாளி இல்லை. அறைக்குக் குரோமியம் பூசவில்லை. துடைக்கிற சாமான்களும் போதிய அளவு போகவில்லை. சிக்கிய தோட்டாவை எடுக்க, சண்டைக்கு நடுவே குழலின் வாய்வழியாகக் கம்பியை விட்டுக் குத்த வேண்டியிருந்தது. பிரித்துப்போட்ட ரைஃபிளுக்குப் பக்கத்தில் செத்துக்கிடந்தவர்களைப் பற்றிக் கடிதங்கள் அமெரிக்காவுக்கு வந்தன. 1967 மே மாதம் இக்கார்ட் தலைமையில் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அந்த மருந்து மாற்றத்துக்குப் போதிய சோதனை ஆதாரம் இல்லை என்று அக்டோபரில் அறிக்கை கொடுத்தது.

தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கு இந்தப் பாடம் பழக்கமானது. போருக்குப் பின் மிஞ்சிய 4831 என்ற மருந்தை ஹாட்ஜ்டன் மலிவாக விற்றார். 1970களில் டூபான்ட் அதே எண்ணில் புதிதாக ஒன்றை இறக்கியது. அது இன்னும் விரைவாக எரியும். எண் ஒன்றுதானே என்று ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் அழுத்தம் எகிறும். அதனால்தான் மருந்து மாறினால், குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்கு என்பார்கள்.

இதே 1967தான் சிங்கப்பூருக்கும் முக்கியமான ஆண்டு. ஜனவரியில் சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கப்பட்டது. அதன் முதல் வேலை எம்16க்கான 5.56 மில்லிமீட்டர் தோட்டா. மார்ச்சில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம். ஆகஸ்டில் முதல் அணி முகாமுக்குப் போனது. அமெரிக்காவில் எந்த ரைஃபிள் மேல் விசாரணை நடந்ததோ, அதே குடும்பத்தின் எம்16எஸ்1 பிறகு இங்கேயே தயாராகி, 1999இல் எஸ்ஏஆர் 21 வரும்வரை பல தலைமுறைப் பையன்களின் தோளில் தொங்கியது.

வியட்நாமில் அட்டவணை பொய் சொல்லவில்லை. வேகம் கேட்டார்கள், அறை அழுத்தம் கேட்டார்கள். இரண்டுக்கும் சரியான பதில் வந்தது. நடுவழித் துளையில் என்ன ஆகும் என்று அனுமதி கொடுத்தவர்கள் கேட்கவில்லை. அதற்கான பதில் பத்தொன்பது வயதுப் பையன்களின் கையில்தான் வந்து சேர்ந்தது.