1815இன் இரு கத்திகள்: கண்டியின் பிஹகெத்தவும் நேபாளத்தின் குக்ரியும்

நேபாள மலைநாட்டின் குக்ரியும் கண்டி இராச்சியத்தின் பிஹகெத்தவும் வடிவில் வேறானவை எனினும், இரண்டும் வெட்டுங்கருவியாகவும் உடையவரின் தகுதியைக் காட்டும் அணியாகவும் ஒருங்கே விளங்கியமையால் ஒப்புநோக்கத்தக்கவை. குக்ரியின் அலகு உட்புறமாக வளைந்து நுனிப்பக்கம் அகன்று கனப்பதால், ஓங்கி வெட்டும்போது அதன் எடை வெட்டுமிடத்திலேயே இறங்குகிறது. பிஹகெத்தவோ தடித்த முதுகும் ஒருபுறக் கூரும் கொண்ட குறுங்கத்தியாகும். அதன் அலகின் அடியில் வெள்ளியும் பித்தளையும் பதித்த கொடிவேலைப்பாடும், யானைத்தந்தத்திலோ கொம்பிலோ கடைந்த பிடியும் அமைந்திருக்கும்.

இவற்றின் பழைய பயன்பாட்டை உறைகளே தெளிவாக உணர்த்துகின்றன. குக்ரியின் உறையில், சிறுவேலைகளுக்கான கர்தா என்னும் சிறு கத்தியும், கூரைச் செப்பமிடவும் சிக்கிமுக்கிக் கல்லில் தட்டி நெருப்பெழுப்பவும் பயன்படும் சக்மக் என்னும் கூரற்ற கருவியும் செருகப்பட்டிருக்கும். பிஹகெத்தவின் உறையிலோ பெரும்பாலும் எழுத்தாணி இடம்பெறும். முன்னது காட்டுவழியில் சமைத்து உண்டு தங்குவோரின் கருவித்தொகுதி என்றால், பின்னது ஓலையில் கட்டளையும் கணக்கும் எழுதிய கண்டி அதிகாரிகளின் இடைக்கத்தி எனலாம். கத்தியும் எழுத்தாணியும் ஒரே பிடியில் மடங்கும் தமிழரின் மடக்கெழுத்தாணியோடு இதற்குள்ள உறவு, பனையோலையில் எழுதிய சமூகங்கள் அனைத்துக்கும் பொதுவான தேவையிலிருந்து எழுந்ததாகும்.

வேலைப்பாட்டைப் போற்றும் ஆய்வுகள் அலகின் எஃகுக்கு உரிய கவனம் தருவதில்லை. உண்மையில் அதுவே கூடுதல் வியப்புக்குரியது. இலங்கையின் சமனலவெவ நீர்த்தேக்கத் திட்டத்தையொட்டி அப்பகுதியை ஆராய்ந்த தொல்லியலாளர் கில் ஜுலெஃப், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் அமைந்த இரும்புருக்கு உலைகளைக் கண்டறிந்தார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை எனக் கணிக்கப்பட்ட அவ்வுலைகள், துருத்தியின்றிச் சோளகக் காற்றின் வேகத்தாலேயே இயங்கியமையும், அவற்றில் கரிமம் மிகுந்த எஃகைப் பெற முடிந்தமையும் மீளுருவாக்கச் சோதனைகளால் நிறுவப்பட்டு, 1996இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியாயின. இதிலிருந்து வேறான மூசை எஃகு முறையை, அதாவது இரும்புத் துண்டுகளை ஆவாரை போன்ற மரச்சிராய்களோடு களிமண் மூசையில் அடைத்து உருக்கும் முறையை, கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த காலத்தில், அதை அறிந்த கடைசித் தலைமுறையினரிடம் நேரிற் கண்டு பதிவுசெய்தார். 1908இல் அவர் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூல், பட்டல்ஹத்தர எனப்பட்ட நான்கு அரச பட்டறைகளின் கைவினைஞர்களையும் எஃகு காய்ச்சிய ஊர்க்கொல்லர்களையும் ஒரே மரபின் உறுப்பினராகக் காட்டியது. பொன்னும் தந்தமும் கையாண்டவர்களுக்கே சிறப்பளித்த காலத்தில் உலைக்களத்தாரையும் சேர்த்தெண்ணிய அந்நோக்கு இன்றும் மதிக்கத்தக்கது.

இரு கத்திகளின் வழிகளும் 1815ஆம் ஆண்டில் பிரிந்தன. அவ்வாண்டு மார்ச் 2ஆம் திகதி கையெழுத்தான கண்டி உடன்படிக்கையால் கண்டி அரசு பிரித்தானிய முடிக்கு உட்பட, பட்டறைகளைப் பேணிய அரண்மனை இல்லாதொழிந்தது. அதே ஆண்டில், நேபாளப் போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, கிழக்கிந்தியக் கம்பனி கூர்க்கர்களைத் தன் படையில் சேர்க்கத் தொடங்கியதால், குக்ரிக்குத் தொடர்ந்து வாங்கும் பெருநிறுவனம் ஒன்று வாய்த்தது. ஒரே வல்லரசு ஒரு கத்தியின் புரவலரை அகற்றியதும் மற்றதற்குப் புதிய புரவலராக வந்ததும் கொல்லரின் திறமையோடு தொடர்பற்றவை. மலிவான ஐரோப்பிய இரும்பின் இறக்குமதி 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் எஞ்சிய உலைகளையும் அணைத்தது. குக்ரியோ படைத்துறை மாதிரிகளாக ஒழுங்கமைக்கப்பட்டு, இரு உலகப் போர்களிலும் பெருந்தொகையாக வழங்கப்பட்டது.

இக்காலக் குக்ரிக்கு உரிய மூலப்பொருள் பெரும்பாலும் பழைய லொறிகளின் வில்லுத்தகடு, அதாவது வண்டியின் சுமையைத் தாங்க வளைந்து மீளும் எஃகுப் பட்டையாகும். நேபாளத்தின் தரானிலும் போஜ்பூரிலும் உள்ள கொல்லர் அதைக் காய்ச்சித் தட்டி, விளிம்பை மட்டும் நீரூற்றிக் கடினமாக்கி, முதுகை மென்மையாக விடுவதால், பழைய அலகின் இயல்பு புதிய எஃகிலும் தொடர்கிறது; அணிவகுப்புக்கான குக்ரியும் விறகு பிளக்கும் குக்ரியும் ஒரே கைவினை மரபிலேயே உருவாகின்றன.

கொழும்பிலோ அணியாதல், வெட்டுதல் ஆகிய அவ்விரு பண்புகளும் வெவ்வேறு பொருள்களுக்கு உரியனவாகிவிட்டன. கைவினைக் கடைகளில் விற்கப்படும் புதிய பிஹகெத்த, பழைய கொடிவேலைப்பாட்டைப் பின்பற்றிக் காட்சிக்கென்றே செய்யப்படுகிறது. வெட்டும் பணியோ புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைக் கடைகளில் கிடைக்கும் அணியற்ற மன்னாக்கத்திக்கு உரியதாயிற்று. வில்லுத்தகட்டில் ஊர்க்கொல்லர் அடிக்கும் அக்கத்தியையே, தோற்றத்தில் எவ்வளவு வேறுபட்டிருந்தாலும், பிஹகெத்தவின் உண்மையான வழித்தோன்றலாகக் கொள்ளவேண்டும். காய்ச்சிய அலகின் நிறத்தைக் கண்ணால் அளந்து தோய்க்கும் அறிவு அதில்தான் இன்னும் கைமாறுகிறது.